பேடிஎம் பங்கா, பஜாஜ் ஃபைனான்ஸ் பங்கா?

திருப்பூரில் எந்த பேக்கரியில் டீ குடித்தாலும் கல்லாவில் பணம் வந்ததைச் சொல்லும் பேடிஎம் மாதிரி கம்பெனிகளின் சவுண்ட்பாக்ஸ் கத்திக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு "இந்தக் கம்பெனி பங்கை வாங்கிப் போட்டா வீண் போகாதுங்க" என்று சொல்கிறவர்கள் அதிகம். ஆனால் அந்த 15 ரூபாய் டீயில் பேமென்ட் கம்பெனிக்கு என்ன மிஞ்சுகிறது? 2020 ஜனவரி 1 முதல் யூபிஐ பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது. அரசு ஊக்கத்தொகை தருகிறது, 2024-25க்கு ஒதுக்கியது சுமார் 1,500 கோடி, அதிலும் வங்கிகளுக்குப் பங்கு போகும். மற்றபடி பெட்டிக்கு மாத வாடகை, கார்டு வழியாக வரும் கொஞ்சம், அப்புறம் அதே கடைக்காரருக்குக் கடன் ஏற்பாடு செய்து வாங்கும் கமிஷன். ஆக, பேமென்ட் பங்கு வாங்குகிறவரும் சுற்றி வளைத்துக் கடன் தொழிலில்தான் பணம் போடுகிறார்.

பேடிஎம் 2021 நவம்பரில் பங்கு 2,150 ரூபாய்க்கு ஐபிஓ, அதாவது முதல் பொதுப் பங்கு விற்பனைக்கு வந்தது, சந்தையில் பட்டியலான அன்றே 27 சதவீதம் சரிந்தது. 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டபோது இன்னொரு அடி. 2025 ஜூன் காலாண்டில் லாபத்துக்கு வந்துவிட்டார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் யூபிஐ பரிவர்த்தனையில் சுமார் எண்பது சதவீதம் போன்பே, கூகுள் பே கையில் இருக்கிறது.

பஜாஜ் ஃபைனான்ஸ் வேறு மாதிரி, நேரடியாகவே தவணைக் கடன் கொடுக்கும் கம்பெனி. தீபாவளி போனஸ் வந்த வாரம் ஏதாவது ஒரு வீட்டு உபயோகப் பொருள் ஷோரூமுக்குப் போய்ப் பாருங்கள், பில் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே தவணைக் கம்பெனிப் பையன்கள் ஆதார், பான் எண்ணைத் தட்டி சில நிமிடத்தில் வாஷிங் மெஷினுக்குக் கடன் முடித்துவிடுகிறார்கள். வட்டியில்லாத் தவணை என்றால் அந்த வட்டியைப் பெரும்பாலும் தயாரிப்பாளரோ கடையோ ஏற்கிறார்கள். ஒழுங்காகக் கட்டியவருக்கு அடுத்து தனிநபர் கடன் வேண்டுமா என்று போன் வரும், நல்ல வட்டி அங்கேதான்.

ஆபத்தும் அங்கேதான். 2023 நவம்பரில் பஜாஜின் இரண்டு கடன் திட்டங்களை ரிசர்வ் வங்கி நிறுத்தி வைத்தது, 2024 மே மாதம்தான் விட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதமாக்கியபோது பனியன் கம்பெனிகள் என்ன பாடுபட்டன என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஓவர்டைம் நின்றால் வீட்டு வாடகைக்கு முன்னால் தவறுவது செல்போன் தவணை. கடன் கொடுக்கும் கம்பெனி எவ்வளவு பழசு, எவ்வளவு நம் ஊர்க்காரர்கள் என்பதெல்லாம் பங்குதாரரைக் காப்பாற்றாது. 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை 2020 நவம்பரில் சிங்கப்பூர்க்காரர்களின் டிபிஎஸ் வங்கியுடன் இணைத்தபோது டெபாசிட் போட்டவர்கள் தப்பித்தார்கள், அப்பா காலத்துப் பங்கை வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா கூட வரவில்லை.

சரி, எது? நான் கடன் கம்பெனி பக்கம்தான், ஆனால் புத்தக மதிப்பைப் போல (கம்பெனியின் சொத்தில் கடன் போக ஒரு பங்குக்கு மிஞ்சுவது) எத்தனை மடங்கு விலை கேட்கிறார்கள் என்று பார்த்து, சந்தை பயந்திருக்கும்போது மட்டும். காலாண்டு முடிவு வந்தால் லாபத்துக்கு முன்னால் வாராக்கடனுக்கு ஒதுக்கிய தொகையைப் பாருங்கள், கடன் வளர்வதைவிட அது வேகமாக வளர்ந்தால் நான் புதிதாக வாங்க மாட்டேன். பெரிய கடைகளிடமாவது யூபிஐ கட்டணம் வாங்க அரசு அனுமதித்தால் பேடிஎம் கணக்கு மாறும், அப்போது மறுபடி போட்டுப் பார்க்கலாம்.