சொந்தத் தொழில்காரர்களுக்கு என்பிஎஸ்: நான்கு வருடம் போட்டுப் பார்த்தபின்

நான் கல்யாண போட்டோகிராபர். பிஎஃப், பென்ஷன் எதுவும் கிடையாது. தையிலும் ஆவணியிலும் சாப்பிட நேரமிருக்காது, ஆடியிலும் மார்கழியிலும் கேமரா பையிலேயே கிடக்கும். மாதாமாதம் இவ்வளவு கட்டு என்று சொல்லும் எந்தத் திட்டமும் எனக்கு ஒத்துவரவில்லை.

2009-லிருந்தே என்பிஎஸ் என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் நான் போய்க் கேட்ட வங்கிக் கிளையில் "இது வேலைக்குப் போறவங்களுக்கு சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி என்று வீட்டிலேயே உட்கார்ந்து ஆதார், பான் வைத்து ஆன்லைனில் கணக்குத் திறந்தேன்.

எல்லோரும் குழம்புவது உச்சவரம்பில்தான். போடுகிற பணத்துக்கு வரம்பே இல்லை, வரிச்சலுகைக்குத்தான் வரம்பு. பழைய வரி முறையில் நம்மைப் போன்றவர்கள் மொத்த வருமானத்தில் 20 சதவீதம் வரை கழிக்கலாம் (2017-க்கு முன்னால் 10 சதவீதம்தான்), ஆனால் அதுவும் 80சி என்கிற வரிக்கழிவுப் பிரிவின் 1.5 லட்சத்துக்குள் அடங்க வேண்டும். வருமானம் 6 லட்சம் என்றால் 20 சதவீதம் 1.2 லட்சம், எல்ஐசி பிரீமியமும் பையன் ஸ்கூல் ஃபீஸும் சேர்ந்து ஏற்கெனவே 80,000 போயிருந்தால் மிச்சம் இருப்பது 70,000 மட்டும். இதுபோக என்பிஎஸ்ஸுக்கென்றே தனியாக 50,000 உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

புதிய வரி முறையில் இது எதுவும் கிடையாது. சம்பளக்காரருக்கு மட்டும் கம்பெனி போடும் பங்குக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை, அங்கேயும் கழிவு உண்டு. முதலாளியும் தொழிலாளியும் நாமே என்பதால் நமக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. இது அநியாயம், கட்டாயம் மாற்ற வேண்டும்.

நானும் புதிய முறைக்கு மாறிவிட்டேன், இருந்தாலும் நிறுத்தவில்லை. காரணம் பணம் கட்டுகிற வசதி. போன தையில் ஒருவர் ஆல்பத்தை வாங்கிக்கொண்டு பாக்கி 15,000 ரூபாயை ஜிபேயில் போட்டார், மறுநாள் காலை டீ குடிக்கும்போதே அதில் 5,000-ஐ டி-ரெமிட் (வங்கியிலிருந்து நேரே என்பிஎஸ் கணக்குக்குப் பணம் போடும் வசதி) எண்ணுக்கு அனுப்பிவிட்டேன். அந்த எண்ணை ஒருமுறை வங்கி ஆப்பில் சேர்த்துவிட்டால் போதும், காலை 11 மணிக்குள் போய்ச் சேர்ந்தால் அன்றைய என்ஏவியே (யூனிட் விலை) கிடைக்கும். ஆடியில் ஒன்றும் போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. வருடத்துக்கு மொத்தமாக 1,000 ரூபாய் போட்டிருந்தால் போதும்.

எனக்குப் பிடிக்காத விஷயம், அவசரத்துக்குக் கைவைக்க முடியாதது. இடையில் எடுப்பதென்றால் நாம் போட்டதில் 25 சதவீதம் வரைதான், அதுவும் படிப்பு, கல்யாணம், வீடு, வைத்தியம் மாதிரி சில காரணங்களுக்குத்தான். கடைசியிலும், சேர்ந்தது சின்னத் தொகையாக இருந்தாலொழிய, ஒரு பகுதிக்கு ஆன்யூட்டி (மொத்தமாகப் பணம் கட்டிப் பென்ஷனாக வாங்கும் திட்டம்) வாங்கியே ஆகவேண்டும், அதிலிருந்து வரும் பென்ஷனுக்கு வரியும் உண்டு.

அதனால் லென்ஸ் வாங்க வைத்திருக்கும் பணத்தை இதில் போடாதீர்கள். அதற்குத் தனியாக ஒரு ஆர்டி போட்டுக்கொள்ளுங்கள்.