இலங்கையா, மாலத்தீவா? வந்தவர்கள் கணக்கை வைத்து ஓர் அலசல்

2024-இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 20.5 லட்சம் பேர். அதே ஆண்டு மாலத்தீவுக்கு வந்தவர்களும் சுமார் 20.5 லட்சம் பேர்தான். இடையில் சில ஆயிரம் பேர் வித்தியாசம், அவ்வளவே. கொழும்பிலிருந்து மாலேவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். ஒரே இந்தியப் பெருங்கடல், ஒரே டிசம்பர் வெயிலைத் தேடி வரும் ஐரோப்பியர்கள், அதே இந்தியர்கள், அதே ரஷ்யர்கள். விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று யோசிக்கும் சென்னைக் குடும்பம்கூட இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் விலை பார்க்கிறது.

ஆனால் இந்த இரு நாடுகளும் 20 லட்சத்துக்கு வந்து சேர்ந்த பாதை ஒன்றல்ல. அந்தப் பாதையைப் பார்க்காமல் "யார் முந்தினார்கள்" என்று மட்டும் கேட்டால் ஒன்றும் புரியாது என்பது என் கருத்து.

கொஞ்சம் பழைய கணக்கிலிருந்து வருகிறேன். 1972-இல் மாலத்தீவில் முதல் ரிசார்ட்டான குரும்பா முப்பது அறைகளோடு திறந்தது. அப்போது அங்கே சுற்றுலா என்ற தொழிலே இல்லை. இலங்கை அதற்கு முன்பே நல்ல பேர் வாங்கியிருந்தது. 1982-இல் 4 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் என்ன நடந்தது என்று தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1987-இல் வருகை 2 லட்சத்துக்கும் கீழே போனது. அப்புறம் ஏறியது, இறங்கியது, 2004-இல் ஐந்தரை லட்சத்தைத் தாண்டியது, மறுபடி இறங்கியது. போர் முடிந்த 2009-இல் எண்ணிக்கை சுமார் 4.48 லட்சம். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, தொடங்கிய இடத்திலிருந்து சுமார் நாற்பதாயிரம்தான் கூடுதல். ஒரு தலைமுறையே இந்தத் தொழிலில் இழந்தது என்று சொல்லலாம். அதே 2009-இல் மாலத்தீவுக்கு வந்தவர்கள் ஆறரை லட்சம் பேர்.

போருக்குப் பிறகு இலங்கையின் கோடு செங்குத்தாக ஏறியது. 2012-இல் பத்து லட்சத்தைத் தொட்டு மாலத்தீவை முந்தியது. 2016-இல் இருபது லட்சம். 2018-இல் 23.3 லட்சம். அந்த ஆண்டு மாலத்தீவு 14.8 லட்சத்தில்தான் இருந்தது. 2019-இல் போக வேண்டிய நாடுகளில் முதலிடம் என்று பயண வழிகாட்டி நூல்கள் வெளியிடும் லோன்லி பிளானட் இலங்கையைத் தேர்ந்தெடுத்ததும் அப்போதுதான்.

பிறகு 2019 ஏப்ரல் 21 வந்தது. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் 1.29 லட்சம் பேர் வந்த நாட்டுக்கு, அந்த மே மாதம் வந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் குறைவு. மெல்ல எழுந்து நடக்கத் தொடங்கியபோது கொரோனா. அதுவும் ஓய்ந்தபோது 2022-இன் பெட்ரோல் வரிசை, மின்வெட்டு, ஜூலைப் போராட்டம். நான்கு ஆண்டுக்குள் மூன்று அடி.

மாலத்தீவும் கொரோனாவில் மார்ச் 2020-இல் கதவைச் சாத்தியது. ஆனால் ஜூலை 15-ஆம் தேதியே திறந்துவிட்டது. இலங்கை திறந்தது 2021 ஜனவரியில். விளைவைப் பாருங்கள்: 2021 முழுக்க மாலத்தீவுக்கு வந்தவர்கள் 13.2 லட்சம், இலங்கைக்கு வந்தவர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. இந்த ஒப்பீட்டில் நான் அதிக நேரம் உற்றுப் பார்த்தது இந்த ஓர் ஆண்டைத்தான்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? மாலத்தீவின் பழைய ஏற்பாடு "ஒரு தீவு, ஒரு ரிசார்ட்". 1,192 தீவுகளில் மக்கள் வாழ்வது இருநூறுக்கும் குறைவான தீவுகளில். ரிசார்ட்டுக்கு ஒதுக்கிய தீவில் ஊர் இருக்காது. மாலே விமான நிலையத்தில் வாசலைத் தாண்டி வெளியே வந்தால் ரோடு கண்ணில் படுவதற்கு முன்பே கடல் கண்ணில் படும். ரிசார்ட் பெயர் எழுதிய பலகையோடு ஆட்கள் நிற்பார்கள், பெட்டியை வாங்கிக்கொண்டு நேரே ஸ்பீட் போட்டில் ஏற்றிவிடுவார்கள். தூரத்துத் தீவு என்றால் சீபிளேன். அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும், அதனால் மாலையில் தரையிறங்குகிறவர் ஒரு இரவு மாலே பக்கத்திலேயே தங்க வேண்டியிருக்கும். ஆக, வருகிறவர் அந்த நாட்டின் ஊருக்குள் கால் வைக்காமலேயே ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம். நோய்த் தொற்றுக் காலத்தில் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. தனிமைப்படுத்தலுக்கென்று புதிதாக எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை, கடலே வேலியாக இருந்தது.

இலங்கைக்கு வருகிறவருக்கோ நாடு முழுவதும்தான் ஹோட்டல். சிகிரியா, கண்டி, அங்கிருந்து மலை ரயிலில் எல்ல என்ற மலையூர், இறங்கி யால காடு, மிரிஸ்ஸவில் திமிங்கலம், காலி கோட்டை என்று பத்து நாள் சுற்றுவார். ஒவ்வோர் இடத்திலும் ஒரு த்ரீவீலர்காரர், ஓர் இளநீர்க்கடை, ஒரு வீட்டின் மாடியறை. எல்ல ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றதும் முதுகுப்பையோடு இறங்கும் கூட்டத்தையும், வாசலில் காத்து நிற்கும் த்ரீவீலர் ஆட்களையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சாயங்காலம் அந்தச் சின்னக் கடைத்தெருவில் கொத்து ரொட்டி தட்டும் சத்தம் ஓயாது. அந்தத் தட்டுக் கல்லுக்குப் பின்னால் நிற்கும் பையனின் சம்பளம் அன்று வந்த ரயிலைப் பொறுத்தது.

அதனால்தான் இலங்கையில் அடி விழுந்தால் எல்லார் மேலும் விழுகிறது. பெட்ரோல் இல்லை என்றால் மாலத்தீவில் விருந்தினருக்குத் தெரியாது. ரிசார்ட் தன் டீசலைத் தானே இறக்கி ஜெனரேட்டர் ஓட்டுகிறது. இலங்கையில் பெட்ரோல் இல்லை என்றால் சுற்றுலாவே நின்றுவிடுகிறது. நான் எல்லவில் தங்கிய வீட்டு அம்மா, மாடியில் இரண்டு அறை கட்டக் கடன் வாங்கியிருந்தார். "ரூம் காலியா இருந்தாலும் பேங்குக்குத் தேதி மாறாது தம்பி" என்றார். காலை அப்பமும் சம்பலும் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னார். இலங்கையின் வருகை எண்ணை ஒவ்வொரு மாதமும் பார்க்கும்போது எனக்கு அந்தத் தட்டுதான் நினைவுக்கு வருகிறது.

அப்படியானால் மாலத்தீவு ஏற்பாடுதான் மேல் என்று சொல்லிவிடலாமா? மீண்டு எழும் வேகத்தில் சந்தேகமில்லாமல் மேல். 2004 சுனாமிக்குப் பிறகு 6.17 லட்சத்திலிருந்து 3.95 லட்சமாக விழுந்து, 2006-லேயே ஆறு லட்சத்துக்குத் திரும்பியது. 2024 தொடக்கத்தில் லட்சத்தீவு விவகாரத்தில் மாலத்தீவின் மூன்று துணை அமைச்சர்கள் இந்தியப் பிரதமரை இழித்து எழுதியதைப் பார்த்து இந்தியர்கள் பயணத்தை ரத்து செய்தபோதும் அப்படித்தான். முந்தைய ஆண்டு 2.09 லட்சமாக முதலிடத்தில் இருந்த இந்தியர் வருகை சுமார் 1.3 லட்சமாகச் சரிந்தது. ஆனால் சீனர்கள் 2.6 லட்சம் பேர் வந்தார்கள். மொத்தக் கணக்கு குறையவில்லை, கூடியது. ஒரு வாசல் அடைத்தால் இன்னொரு வாசலில் ஆள் பிடிக்கும் சாமர்த்தியம் அவர்களுக்கு உண்டு.

அந்த 1.3 லட்சத்தின் மறுபக்கம், அதே ஆண்டு இலங்கைக்கு வந்த இந்தியர்கள் சுமார் 4.17 லட்சம். ரத்து செய்தவர்கள் எல்லாம் கொழும்புக்கு வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இலங்கையில் ஏறுமுகம் அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டது.

பணம் எங்கே போகிறது என்பதில்தான் நான் மாலத்தீவு பக்கம் முழுதாகச் சாய முடியாமல் நிற்கிறேன். அரிசி முதல் தக்காளி வரை இறக்குமதி. வேலை செய்பவர்களில் பெரும்பகுதி வங்கதேசம், இந்தியா, இலங்கையிலிருந்து போனவர்கள். அரசுக்கு வரி வருகிறது, அதை மறுக்கவில்லை. பசுமை வரி மட்டும் 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். கணவன் மனைவி நான்கு இரவு தங்கினால் அதுவே 96 டாலர். அதற்கு மேல் சுற்றுலாச் சரக்கு சேவை வரி 2025 ஜூலை முதல் 17 சதவீதம், சேவைக் கட்டணம் 10 சதவீதம். அறை விலையை மட்டும் பார்த்து புக் பண்ணுகிறவர்கள் இதைக் கூட்டிப் பார்க்க மறக்க வேண்டாம்.

சாதாரண மாலத்தீவுக்காரர் இந்தத் தொழிலில் முதலாளியாக நுழைய வழி கிடைத்தது 2009-க்குப் பிறகு, மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அனுமதி வந்தபோதுதான். மாஃபுஷி மாதிரித் தீவுகள் அப்படித்தான் வளர்ந்தன. மணல் தெரு, மசூதி, இரண்டு மூன்று மாடி விடுதிகள், வெளிநாட்டினர் நீச்சலுடையில் குளிக்க மறைப்புக் கட்டி ஒதுக்கிய கடற்கரை. ஊருக்குள் மது கிடையாது. நடுத்தர இந்தியக் குடும்பம் மாலத்தீவைப் பார்க்க முடிவது இந்தத் தீவுகளால். ஐந்து லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும் மக்கள்தொகைக்கு 20 லட்சம் பயணிகள் என்றால், சொந்த மக்களைப் போல நான்கு மடங்கு. இந்த எண்ணிக்கையை ரிசார்ட் மட்டும் வைத்துத் தாங்கியிருக்க முடியாது.

சரி, இலங்கை. பயணிகள் திரும்பி வந்துவிட்டார்கள். 2025-இல் சுமார் 23.6 லட்சம், 2018-இன் உச்சத்தையே தாண்டிவிட்டது. அந்த நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டு, ரயில் பாதையையும் அரித்த பிறகும் இந்த எண்ணிக்கை. மகிழ்ச்சிதான். ஆனால் வருமானத்தைப் பக்கத்தில் வைத்தால் வேறு படம். 2018-இல் 438 கோடி டாலர். 2024-இல் சுமார் 317 கோடி. தலைக்கு வகுத்தால் அப்போது சுமார் 1,880 டாலர், இப்போது சுமார் 1,540. டாலரின் மதிப்பு நடுவில் தேய்ந்ததையும் சேர்த்தால் இறக்கம் இன்னும் பெரிது. முக்கியக் காரணம், தங்கும் நாட்கள் குறைந்தது: முன்பு சராசரியாகப் பத்து இரவுக்கு மேல், இப்போது எட்டரை இரவுக்குப் பக்கம். இந்தியர்களின் பங்கு கூடியதும் ஒரு காரணம், நாம் நான்கு நாள் லீவு போட்டுப் போகிறவர்கள்.

இதனால்தான் "இந்த ஆண்டு 25 லட்சம், அடுத்த ஆண்டு 30 லட்சம்" என்ற இலக்குகளைக் கேட்கும்போது எனக்குக் கவலை வருகிறது. எல்லவின் அந்தக் கடைத்தெரு ஏற்கெனவே பிதுங்குகிறது. வருகிறவரை இன்னும் இரண்டு இரவு தங்க வைப்பது ஐந்து லட்சம் பேரைக் கூடுதலாக இறக்குவதைவிட நல்லது; தண்ணீருக்கும் நல்லது, ரோட்டுக்கும் நல்லது.

அந்த இரண்டு இரவுக்கு இடமும் இருக்கிறது, காலமும் இருக்கிறது. மாலத்தீவுக்கு இல்லாத வசதி இது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் கடற்கரையில் மழையும் கொந்தளிப்புமாக இருக்கும்போது, கிழக்கில் நிலாவெளி, பாசிக்குடா எல்லாம் கண்ணாடித் தண்ணீராக இருக்கும், அறுகம்பேயில் அலைச்சறுக்குக்கு ஏற்ற அலை இருக்கும். வடக்கில் ஆகஸ்டை ஒட்டி நல்லூர்த் திருவிழா. கனடா பாஸ்போர்ட்டோடு கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி நல்லூருக்குப் போகும் யாழ்ப்பாணத்துக்காரரும் இந்தக் கணக்கில் ஒரு வெளிநாட்டுப் பயணிதான். பெரும்பாலும் சொந்தக்காரர் வீட்டில் தங்குவார், வாரக்கணக்கில் தங்குவார், ஊரிலேயே செலவழிப்பார். சுற்றுலா விளம்பரங்களில் இவருக்கு என்று ஒரு வரியும் நான் கண்டதில்லை.

இலங்கை மாலத்தீவிடம் கற்க வேண்டியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், விசாவைச் சொல்வேன். மாலத்தீவில் ஏறக்குறைய எல்லா நாட்டுக்காரருக்கும் வந்து இறங்கியதும் 30 நாள் இலவசம். பல ஆண்டுகளாக இதே விதி. இலங்கையில் 2019-இல் பல நாடுகளுக்கு இலவசம் என்றார்கள். 2023-இல் இந்தியா உட்பட ஏழு நாடுகளுக்கு இலவசம். 2024 ஏப்ரலில் விசா வேலையை வெளியாரிடம் கொடுத்ததும் கட்டணமும் குழப்பமும் ஏறின, ஆகஸ்டில் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ஆறு மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுக்கும் ஜெர்மன் குடும்பம் இப்படி மாறிக்கொண்டே இருக்கும் விதியைப் பார்த்து என்ன செய்யும்? பக்கத்து நாட்டைப் பார்க்கும்.

எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மூன்று நான்கு நாள் யாரும் தொந்தரவு செய்யாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கையில் பணமும் இருக்கிறது என்றால் மாலத்தீவு. ஒரு வாரமாவது கிடைக்கும் என்றால் இலங்கை, அதிலும் மே-செப்டம்பரில் கிழக்கு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். கடல் நிலவரத்தைப் பொறுத்து ஓடுவதால் கிளம்பும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு விமானமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள், அங்கிருந்து பஸ்ஸில் திருகோணமலை. விடுதியில் அறை எடுக்கும்போது முடிந்தால் அந்த ஊர்க்காரர் நடத்தும் வீட்டையே பாருங்கள்.