கார் செட் மாற்றும் ஃபிரேம்–கப்ளர் கிட்: காசுக்குத் தகுமா?

காரில் கம்பெனி கொடுத்த மியூசிக் செட்டைக் கழற்றிவிட்டு 7 இன்ச் டபுள் டின் (இரட்டை உயர அளவு) செட் போட நினைப்பவர்கள் திரையையும் வாட்ஸையும் பற்றித்தான் விசாரிப்பார்கள். செட்டைச் சுற்றி டாஷ்போர்டு இடைவெளியை மூடும் ஃபிரேமும், கம்பெனி ஒயரைப் புது செட்டோடு இணைக்கும் கப்ளர் பிளக்கும் சேர்ந்த கிட் மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததுதான். வேலை கெடுவதும் அங்கேதான். தருமபுரி, கிருஷ்ணகிரி கடைகளில் பெயரில்லாத கவரில் வரும் ரகத்தைப் பற்றிச் சொல்கிறோம்.

கப்ளர் உருப்படியான பொருள். கம்பெனி ஒயரை வெட்டாமல் அப்படியே செருகலாம், வண்டியை விற்கும்போது பழைய செட்டைத் திரும்ப மாட்டலாம். ஆனால் ஒயரின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும், கறுப்பு எர்த் என்பது பொது வழக்கம். மஞ்சளும் சிவப்பும் மாறியிருந்தால் சாவியை எடுக்கும்போதெல்லாம் ஸ்டேஷனும் மணியும் அழிந்துவிடும். இரண்டும் நிரந்தர லைனில் சேர்ந்தால் செட் அணையாது, பேட்டரி இறங்கும். முதலில் மல்டிமீட்டரில் பாருங்கள். பிறகு 10 எம்எம் ஸ்பேனரால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஒயரைச் சேருங்கள்.

ஸ்பீக்கருக்கு வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். அந்த மைனஸை வண்டியின் பாடியில் கொடுத்தால் செட்டுக்குள் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் ஐசி போய்விடும். ஒரு பக்கம் மட்டும் பிளஸ்–மைனஸ் மாறினால் பாட்டு வரும், பேஸ் வராது. பழியெல்லாம் ஸ்பீக்கர் மேல் விழும்.

ஃபிரேம் சுமார்தான். டபுள் டின் அளவு 178 × 100 எம்எம். சில டொயோட்டா வண்டிகளில் டாஷ்போர்டில் செட் உட்காரும் வாய் 200 எம்எம் அகலம், அதற்குத் தனி ஃபிரேம். ஓரத்தில் ஃபெல்ட் டேப் ஒட்டாவிட்டால் கடகடவென்று ஆடும். செட்டோடு வந்த குட்டை ஸ்க்ரூவையே போடுங்கள், நீளமானது உள்ளே போர்டைக் குத்தும். ஒயர் ஜாயின்டுக்கு, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்தான் சரி. கறுப்பு டேப்பின் பசை சித்திரை வெயிலுக்கு இளகி வழியும்.

பெரிய குறை ஆன்டெனா. கூரை ஆன்டெனாவில் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் இருக்கும் வண்டிகளில் செட்டின் நீல ஒயர்தான் அதற்குக் கரண்ட் தரவேண்டும். இந்த கிட்டில் அந்த ஒயர் சும்மா தொங்குகிறது. ஊருக்குள் எஃப்எம் ஒருமாதிரி எடுக்கும், தொப்பூர் கணவாயில் இறங்கினால் இரைச்சல்தான். பவர் ஒயர் உள்ள ஆன்டெனா அடாப்டரைத் தனியாக வாங்கி நீலத்தோடு சேர்த்தால் தீர்ந்தது.

ஸ்டீயரிங்கில் பட்டன் உள்ள வண்டிக்கு இந்த ரகமே வேண்டாம். மாடலோடு வருஷத்தையும் சொல்லி, ஸ்டீயரிங் பட்டனைச் செட்டோடு இணைக்கும் கீ 1, கீ 2 ஒயர் உள்ள கப்ளராகக் கேளுங்கள்.