காமிக் அட்டை, சன்பேக் ஷீட், லேபிள் மெஷின்: குயில்ட் துணி அலமாரியில் எது உழைக்கிறது?

மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய துணியில் அடியில் இருக்கும் நீலத்தை இழுத்தால், மேலே இருக்கும் பத்தும் சரியும். அதனால்தான் குயில்ட் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைப்பவர்கள் துணியை அட்டையில் சுற்றி, துணிக்கடையில் அட்டையில் சுற்றிய துணிக்கட்டு போலச் சின்னதாக்கி, புத்தகம்போல நிறுத்தி வைக்கிறார்கள். முறை நல்லது. ஆனால் எந்த அட்டை, எப்படிச் சுற்றுவது, லேபிளில் என்ன எழுதுவது என்ற மூன்றில் ஒன்று தவறினாலும் செலவு வீண்.

முதலில் காமிக் அட்டை. காமிக் புத்தகம் வளையாமல் இருக்கப் பின்னால் வைக்கும் வெள்ளை அட்டை இது. அமெரிக்கக் குயில்ட்டர்கள் துணிக்குப் பயன்படுத்தத் தொடங்கி, இப்போது அதற்கென்றே வாங்குகிறார்கள். பரவலாகக் கிடைக்கும் ‘கரண்ட்’ அளவு 6¾ × 10½ அங்குலம். தடிமன் 24 பாயின்ட், அதாவது சுமார் 0.6 மி.மீ. 100 அட்டை கொண்ட கட்டாக வரும். அமிலமற்றது, கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பதால் காற்றிலிருந்து வரும் அமிலத்தையும் கொஞ்ச காலம் தாங்கும்.

அளவு பொருந்துகிறதா? இதைத் துணியின் பன்னாதான், அதாவது அகலம்தான், தீர்மானிக்கும். 44 அங்குலப் பன்னாவைக் கரையோடு கரை சேர்த்து ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு போட்டால் 11 அங்குலம்; அட்டைக்கு வெளியே அரை அங்குலம் துருத்தும். நிறுத்தி வைத்தால் அந்த ஓரம்தான் தட்டில் உரசி அழுக்காகும். அதே துணியை நனைத்துக் காயவைத்தால் பன்னா 42, 43-க்குச் சுருங்கும். மடித்தால் 10½ முதல் 10¾ வரை வந்து கச்சிதமாக உட்காரும். 36 அங்குலப் பன்னா என்றால் 9 அங்குலம்தான் மூடும். மிச்சமிருக்கும் ஒன்றரை அங்குல வெள்ளை அட்டை எழுதுவதற்கு அருமையான இடம். 58 அங்குலத்தை நான்காக மடிக்காதீர்கள், 14½ வரும். முதலில் இரண்டாக, பிறகு மூன்றாக மடித்தால் 9¾-க்குள் அடங்கிவிடும்.

1 மீட்டர் துணி இந்த அட்டையில் ஏறக்குறைய மூன்று சுற்று வரும். தடிமன் 1 செ.மீ.க்குள் இருக்கும். 60 செ.மீ. தட்டில் 60 அட்டை தாராளமாக நிற்கும். ஆனால் இழுத்துச் சுற்றினால் 0.6 மி.மீ. அட்டை வாழைமட்டைபோல வளைந்துவிடும். துணியைத் தளர்வாகச் சுற்ற வேண்டும். 3 மீட்டருக்கு மேல் என்றால் இரண்டு அட்டையைச் சேர்த்து வைத்துச் சுற்றுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை, இதை விற்பவர்கள் சொல்வதில்லை. கால்சியம் கார்பனேட் காரத்தன்மை உள்ளது. பருத்திக்கு நல்லது, பட்டு, கம்பளி போன்ற புரத இழைகளுக்கு ஆகாது. காஞ்சிப் பட்டு முந்தானைத் துண்டுகளைக் குயில்ட்டில் சேர்ப்பவர்கள் அவற்றை இந்த அட்டையில் சுற்றக் கூடாது. பல முறை துவைத்த, கஞ்சி போடாத பழைய வேட்டித் துணியை உள்ளே வைத்து உருளையாகச் சுருட்டுங்கள். ஜரிகை மடிப்பில் விரிசல் விடுவதும் தவிரும்.

அடுத்தது சன்பேக் ஷீட். தேர்தல் பதாகைக்கும் ‘வீடு வாடகைக்கு’ பலகைக்கும் பயன்படும் வரிவரியான பாலிபுரொப்பிலீன் தகடு. பூஞ்சை பிடிக்காது, அமிலம் கிடையாது, நனைந்தாலும் கவலையில்லை. 8 × 4 அடி ஷீட்டில் 10½ அங்குலத்தை 8 அடிப் பக்கமாக வைத்து வெட்டினால் 63 துண்டு கிடைக்கும் (அகலத்தை 7 ஆக்கினால் 54-ஆகக் குறைந்துவிடும், 6¾-ஐத் தாண்டாதீர்கள்). ஆனால் வரி நீளவாக்கில் ஓடும் ஷீட்டில் இப்படி வெட்டினால், துணியின் இறுக்கத்தில் தகடு வரியோடு மடங்கும். வரி 6¾ அங்குலப் பக்கமாக ஓடுமாறு வெட்டினால் 56 துண்டுதான் வரும், ஆனால் வளையாது. அந்த ஏழு துண்டு நஷ்டம் போகட்டும். இதில் இன்னொரு வேலையும் இருக்கிறது: வெட்டிய வரியின் வாய் நீளமான ஓரத்தில் திறந்திருக்கும், துணி வளையும் இடமும் அதுதான். உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் மெல்லிய மல் துணியில் இழை இழுக்கும்.

இடக் கணக்கையும் பாருங்கள். 3 மி.மீ. ஷீட் 60 துண்டு சேர்ந்தால் தகடு மட்டுமே 18 செ.மீ. காமிக் அட்டை 60 சேர்ந்தால் 4 செ.மீ.கூட இல்லை. சின்ன அலமாரிக்குக் காமிக் அட்டை. கடலோர ஈரப்பதத்துக்கும், 3 மீட்டருக்கு மேல் வாங்கிக் குவிப்பவர்களுக்கும் சன்பேக்.

சட்டை டப்பாவில் வரும் பழுப்பு அட்டை இலவசம்தான். சில வருடங்களில் வெள்ளைத் துணியின் மடிப்பில் மஞ்சள் கோடாக அதன் விலையைக் கேட்கும்.

சுற்றிய துணியை நிறுத்த ரப்பர் பேண்ட் வேண்டாம், உருகி ஒட்டிக்கொண்டு கறையாகும். குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடிக்கும். துணியின் முனையைக் கடைசிச் சுற்றுக்குள் செருகினாலே போதும். நழுவும் துணிக்கு மட்டும் பருத்தி நாடா.

இனி லேபிள். பெரும்பாலோர் ‘நீலம், பூப்போட்டது’ என்று எழுதுகிறார்கள். அது கண்ணுக்குத் தெரிகிறதே! கண்ணுக்குத் தெரியாததை எழுதத்தான் லேபிள்: மீதி எவ்வளவு, பன்னா எவ்வளவு, நனைத்ததா இல்லையா, சாயம் போகுமா, நூறு சதவீதப் பருத்தியா, மீட்டர் என்ன விலைக்கு எப்போது வாங்கியது. நனைத்த துணியையும் நனைக்காததையும் கலந்து தைத்தால் முதல் சலவையில் ஒன்று சுருங்கி மற்றது சுருங்காமல் குயில்ட் கோணிக்கொள்ளும். சாயத்துக்கு நாலு அங்குலத் துண்டைச் சுடுநீரில் துளி சோப்போடு அரை மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் வெள்ளைத் துணிமேல் காயவிடுங்கள். அவுரி நீலத்துக்கு இது போதாது. ஈர வெள்ளைத் துணியால் இருபது முறை தேய்த்தும் பார்க்க வேண்டும். 1960-களில் அமெரிக்காவில் மெட்ராஸ் கட்டம்போட்ட சட்டையைச் ‘சாயம் போவது உறுதி’ என்று பெருமையாக விளம்பரம் செய்தே விற்றார்கள். சட்டைக்கு அது அழகு, வெள்ளையோடு ஒட்டித் தைக்கும் குயில்ட்டுக்கு அல்ல.

இதற்கு லேபிள் மெஷின் தேவையா? பிரதர் பி-டச் வகையின் 12 மி.மீ. டிஇசட்இ டேப்பில் எழுத்து பிளாஸ்டிக் படலத்துக்கு அடியில் இருப்பதால் தண்ணீரும் உரசலும் ஒன்றும் செய்யாது. ஒரு டேப் 8 மீட்டர். ஆனால் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் முன்னால் சுமார் 2½ செ.மீ. வெற்று டேப் வெளியேறும், 5 செ.மீ. லேபிள் என்றால் மூன்றில் ஒரு பங்கு குப்பைக்கு. நூற்றைத் தாண்டியதும் டேப் தீர்ந்துவிடும். பத்துப் பன்னிரண்டைச் சேர்த்து ஒரே ஓட்டமாக அடித்துக் கத்திரியால் வெட்டினால் 150-ஐத் தொடலாம். போனோடு இணையும் மலிவான தெர்மல் பிரிண்டர்களுக்கு மை தேவையில்லை, ஆனால் அந்தத் தாள் வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும்.

என் கணக்கில் மெஷின் பெட்டிகளுக்கும் தட்டுகளுக்கும் மட்டும். அட்டைக்குப் பென்சில்தான் சரி. வெட்ட வெட்ட மீதி அளவு மாறும். அழித்து எழுத முடியாத லேபிள் இரண்டாவது குயில்ட்டிலேயே பொய் சொல்லத் தொடங்கும். பென்சில் கசியாது, பசையும் இல்லை. சன்பேக்கில் பென்சில் சரியாகப் பிடிக்காது; ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வரியின் வாய்க்குள் செருகிவிடலாம், இதற்கு மட்டும் அந்தத் திறந்த வாய் உதவுகிறது.

சேலை கவரில் துணி வைப்பவர்களுக்கு: முன்பக்கக் கண்ணாடி பிவிசி என்றால் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும், அச்சிட்ட துணியோடு ஒட்டும். அடியில் 5 என்று முத்திரை உள்ள பெட்டி (பாலிபுரொப்பிலீன்) பாதுகாப்பானது. இஸ்திரி போட்ட சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே தங்கிப் பூஞ்சை வரும். கஞ்சி போட்ட துணியை அடுக்கவே கூடாது, வெள்ளிப்பூச்சிக்கு அது விருந்து. கஞ்சியை வெட்டுவதற்கு முந்தைய நாள் போடுங்கள். அந்துருண்டை துணியைத் தொடக் கூடாது.

அரை மீட்டருக்குக் கீழே உள்ளதை அட்டையில் சுற்றாதீர்கள், இடம்தான் வீண். 18 × 22 அங்குல ஃபேட் குவார்ட்டரை மடித்துப் பெட்டியில் நிறுத்துங்கள். அதற்கும் சின்னதை 2½ அங்குலப் பட்டையாகவும் 5 அங்குலச் சதுரமாகவும் உடனே வெட்டி, பெட்டிமேல் அளவை ஒட்டுங்கள். 2½ தேறாத பிட்டுகள் தலையணைக்குள் போகட்டும்.