நாசிக் கட்டிங் பிளேயரா, ஜெர்மன் கட்டிங் பிளேயரா?

அக்கா மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு கோவை கணபதியில் ஒரு பம்ப் பட்டறையில் சேர்ந்திருக்கிறான். முதல் சம்பளத்தில் சொந்தமாக டூல்ஸ் வாங்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. "மாமா, நம்மூர் கம்பெனி வாங்கட்டுமா, ஃபாரின் வாங்கட்டுமா?" என்று கேட்டான். பட்டறையில் ஒருவர் ஜெர்மன் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறாராம். இன்னொருவர் அது காசுக்குப் பிடித்த கேடு என்கிறாராம். இருபத்திரண்டு வருடம் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் மர வேலையும் செய்கிறேன். என் அனுபவத்தில் இரண்டு பேருமே பாதிதான் சரி.

நான் நாட்டைப் பார்த்து வாங்குவதில்லை. கருவி வேலையைத் தொடும் இடம் எவ்வளவு சின்னது என்று பார்க்கிறேன். சுத்தியல் ஆணியை அகலமான முகத்தால் தொடுகிறது. ஸ்பேனர் நட்டை இரண்டு பக்கமும் பட்டையாகப் பிடிக்கிறது. ஆனால் ஸ்க்ரூ டிரைவரின் முனை, கட்டரின் வாய், உளியின் விளிம்பு எல்லாம் மயிரிழை அளவு இடத்தில் முழு பலத்தையும் தாங்க வேண்டியவை. அந்த மாதிரிக் கருவிகளில்தான் இரும்பின் தரமும் அதைப் பதப்படுத்திய விதமும் முழுசாக வெளியே தெரியும். கூடுதல் காசு போட வேண்டியதும் அங்கேதான்.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வெளிநாட்டுப் பெயர் போட்ட எல்லாமே வெளிநாட்டில் செய்தவை அல்ல. ஜலந்தரிலும் லூதியானாவிலும் ராஜஸ்தானின் நாகௌரிலும் கைக்கருவிப் பட்டறைகள் நிறைய. அங்கிருந்து ஏற்றுமதியும் ஆகிறது. புகழ்பெற்ற மேல்நாட்டு பிராண்டுகளின் பல கருவிகள் தைவானிலும் சீனாவிலும் தயாராகின்றன. அதனால் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். இறக்குமதி செய்த பொருள் என்றால் எந்த நாட்டில் செய்தது, இறக்குமதி செய்தவர் யார், அவர் முகவரி என்ன என்பதெல்லாம் சட்டப்படி அதில் அச்சாகியிருக்க வேண்டும். அது இல்லாத பெட்டியை நான் தொடுவதில்லை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

இன்னொன்று, 'குரோம் வெனேடியம்' என்ற எழுத்து. அது ஒரு எஃகுக் கலவையின் பெயர். இப்போது நூறு ரூபாய் ஸ்பேனரிலும் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. கலவை நல்லதாகவே இருக்கட்டும். அதைச் சரியான சூட்டுக்குக் கொண்டுபோய், சரியாகக் குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சூடேற்றி முறுக்கைத் தணிக்காவிட்டால் ஒன்று வளையும், இல்லையென்றால் கண்ணாடி மாதிரி உடையும். அந்தச் சூட்டுக் கணக்குக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

சரி, கட்டிங் பிளேயருக்கு வருவோம். தமிழ்நாட்டில் எந்த எலக்ட்ரீஷியன் பையைத் திறந்தாலும் டபாரியா இருக்கும். நாசிக்கில் 1969-ல், ஒரு ஸ்வீடன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு கைக்கருவி செய்யத் தொடங்கிய கம்பெனி. இந்த மாதிரி உள்நாட்டு எட்டு அங்குல பிளேயர் 300, 400 ரூபாயில் கிடைக்கிறது. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்து நிபெக்ஸ் 1882-லிருந்து இதே தொழிலில் இருக்கிறது. அதன் பிளேயர் 2,000 ரூபாயைத் தாண்டும். ஐந்தாறு மடங்கு விலைக்கு என்ன கிடைக்கிறது?

முதலில் வெட்டும் வாய். ஜெர்மன் பிளேயரில் வெட்டும் விளிம்பை மட்டும் தனியாக மின்தூண்டல் முறையில் சூடாக்கிக் கடினப்படுத்துகிறார்கள். கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் சுமார் 60 வரும். செம்புக் கம்பி, அலுமினியக் கம்பி வெட்டும்வரை உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஸ்பிரிங் கம்பியோ சைக்கிள் போக்ஸ் கம்பியோ வெட்டும்போது தெரியும். சாதாரண பிளேயரின் வாயில் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழுந்துவிடும். அதற்கப்புறம் மெல்லிய ஒயரை வெட்டினாலும் அறுபடாமல் அந்தப் பள்ளத்துக்குள் மடங்கி உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது, ஆணி அடித்த மூட்டு. நல்ல பிளேயரை ஒரு விரலால் திறக்கலாம், ஆனாலும் பக்கவாட்டில் ஆடாது. இறுக்கமாக இருந்தால் ஆடாது, இலகுவாக இருந்தால் ஆடும் என்பதுதான் மலிவான பிளேயரின் குணம்.

கடையிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெட்டும் விளிம்புகளுக்கு நடுவே வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு துண்டுத் தாளை நுனிவரை வெட்டிப் பாருங்கள். உள்நாட்டு பிளேயர்களில் பத்துக்கு ஏழெட்டு இதில் தேறும். நான்கைந்தை எடுத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க கடைக்காரர் விடுவார் என்பது நம்மூர்க் கடையில் வாங்குவதன் பெரிய வசதி. ஆன்லைனில் வாங்கும் ஜெர்மன் பிளேயரை அப்படித் தேர்ந்தெடுக்க முடியாது. அவர்களுடையதில் பெரும்பாலும் அதற்குத் தேவையும் வராது.

வீட்டுக்கும் வயரிங் வேலைக்கும் உள்நாட்டு பிளேயரே போதும் என்பது என் தீர்ப்பு. தினமும் கடினமான கம்பி வெட்டுகிறவருக்கு மட்டும் ஜெர்மன். தண்ணீர்க் குழாய் பிடிக்கும் பிளேயர் விஷயம் வேறு. நிபெக்ஸின் கோப்ரா என்ற பிளேயரில் பட்டனை அழுத்தி வாயை 25 நிலைகளில் வைத்துக்கொள்ளலாம். குழாயைப் பிடித்ததும் தானாக இறுகிக்கொள்ளும். கையின் பிடி தளர்ந்தாலும் வழுக்காது. மலிவான வாட்டர் பம்ப் பிளேயர் வழுக்கியதில் என் விரல் முட்டி சுவரில் மோதித் தோல் உரிந்தது எத்தனை முறை என்று கணக்கில்லை. மூன்று வருடத்துக்கு முன் கோப்ரா வாங்கினேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட முட்டி பெயரவில்லை.

மின்சார வேலை செய்பவர்களுக்கு இங்கேயே ஒரு வார்த்தை. கைப்பிடியில் உள்ள பிளாஸ்டிக் உறை எல்லாமே ஷாக்கைத் தடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவை பிடிமானத்துக்கு மட்டும்தான். 1000 வோல்ட் என்ற எண்ணும், பக்கத்தில் இரட்டை முக்கோணக் குறியும் இருந்தால்தான் அது காப்புக் கருவி. அந்தத் தரத்தில் ஒவ்வொரு கருவியையும் 10,000 வோல்ட்டில் சோதித்து அனுப்ப வேண்டும். அந்தக் குறி உண்மையாக இருந்தால் உள்நாடா வெளிநாடா என்பது முக்கியமே இல்லை.

ஸ்பேனரில் அதிகம் யோசிக்க வேண்டாம். காய்ச்சி அடித்துச் செய்த உள்நாட்டு ரிங் ஸ்பேனர் செட்டும் டபுள் எண்டு செட்டும் மில்லில் இருபது வருடம் என்னோடு இருந்தன. 10-க்கு 11 அளவு ஸ்பேனர் மட்டும் தொலைந்துபோனது, உடையவில்லை. ஒன்று தொலைந்தால் அதே அளவு தனியாக, அதே தெருவில், அன்றைக்கே கிடைக்கும். வெளிநாட்டு செட்டில் 13 தொலைந்தால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். நட்டிலிருந்து எடுக்காமல் முன்னும் பின்னும் ஆட்டியே திருகும் ராட்செட்டில் மட்டும் தைவானுக்குப் போகலாம். 24 பல் உள்ள ராட்செட்டுக்கு அடுத்த பல் பிடிக்க 15 டிகிரி ஆட்ட வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையாத சந்தில் அந்தப் பத்து டிகிரிதான் வேலை நடப்பதையும் நடக்காததையும் முடிவு செய்கிறது.

சுத்தியல், கடப்பாரை, பைப் ரெஞ்ச், பெஞ்ச் வைஸ் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்மூர் சரக்கு. எடை தேவைப்படும் பொருளைக் கடல் கடத்தி வரவழைப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

ஸ்க்ரூ டிரைவரில் ஒரு சண்டை இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. என் பைக்கில் முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றப்போய் இரண்டு ஸ்க்ரூவின் தலையையும் வழித்துவிட்டேன். கடைசியில் டிரில் போட்டுத்தான் எடுத்தார்கள். டிரைவர் மட்டம், நான் முரட்டுத்தனமாகத் திருப்பிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டும் இல்லை. நாம் ஸ்டார் டிரைவர் என்று சொல்வது பிலிப்ஸ் வகை. 1936-ல் கெடிலாக் கார்களில் பயன்படத் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது. ஜப்பான்காரர்களோ கூட்டல் குறிக் குழியைத் தங்கள் ஜே.ஐ.எஸ். தரப்படி கொஞ்சம் வேறு மாதிரி வைத்தார்கள். ஜப்பான் வடிவமைப்பில் வந்த பைக்குகளில் அந்த ஸ்க்ரூக்கள் நிறைய. தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் அந்த ஜாதி. பிலிப்ஸ் முனை அதில் முழுசாக உட்காராமல் அடியில் தட்டி நிற்கும். பலம் கொடுத்தால் மேலே ஏறி வந்து குழியைச் சீவிவிடும்.

அதனால் பைக் வேலை செய்கிறவர்களுக்கு நான் தயங்காமல் இறக்குமதிதான் சொல்வேன். ஒசாகாவில் 1916-லிருந்து இயங்கும் வெசல் கம்பெனியின் 2-ஆம் எண் டிரைவர் ஒன்று போதும், முழு செட் வேண்டாம். பிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் அது ஓரளவு நன்றாகவே உட்காரும். பட்டை முனைக்கும் டெஸ்டருக்கும் உள்நாட்டுச் சரக்கே போதும். பட்டை முனை மழுங்கினால் அரத்தால் ராவிச் சரிசெய்துகொள்ளலாம். கூட்டல் முனையை அப்படிச் செய்ய முடியாது.

தொடும் இடம் சின்னதாக இருந்தும் நம் நாட்டுப் பொருள் தலைநிமிர்ந்து நிற்பது அரத்தில். ரேமண்ட் குழுமத்தின் ஜே.கே. ஃபைல்ஸ் உலக அளவில் பெரிய அரத் தயாரிப்பாளர்களில் ஒன்று; இங்கிருந்து பல நாடுகளுக்குப் போகிறது. நகை வேலைக்கான மிக நுண்ணிய ஊசி அரத்துக்கு சுவிட்சர்லாந்தை நாடுவார்கள். மற்றபடி ரம்பம் தீட்டும் முக்கோண அரத்திலிருந்து தட்டை அரம்வரை வெளிநாட்டுப் பெயருக்கு நான் ஒரு ரூபாய்கூட அதிகம் தரமாட்டேன். அரத்தை ஸ்பேனரோடு ஒரே பெட்டியில் போட்டுக் குலுக்காதீர்கள். எந்த நாட்டு அரமும் அப்படித்தான் சீக்கிரம் சாகிறது.

மர வேலையில்தான் எனக்கு மனசு இரண்டு பக்கமும் இழுக்கிறது. உக்கடம் பழைய இரும்புக் கடையில் ஒரு நாள் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் முத்திரை போட்ட முக்கால் அங்குல உளி ஒன்று கிடைத்தது. கைப்பிடி இல்லை, துரு ஏறியிருந்தது. தீட்டிப் பிடி போட்டேன். ஒரு தேக்குக் கதவு நிலையில் கீல் குழி ஆறும் எடுத்த பிறகும் முழங்கை முடியைச் சிரைத்தது. தேக்கில் மணல் சத்து உண்டு, எந்த விளிம்பையும் தின்றுவிடும். அதே வேலையில் நான் புதிதாக வாங்கிய ஒரு மலிவு உளி இரண்டாவது குழியிலேயே மழுங்கியது. செக் நாட்டு நாரெக்ஸ் உளி இன்று நடுத்தர விலைக்குக் கிடைக்கிறது. பொழுதுபோக்காக மரம் செய்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

ஜப்பான் உளியைப் பலரும் கொண்டாடுகிறார்கள். மிகக் கடினமான எஃகை மெத்தென்ற இரும்போடு ஒட்டி அடித்தது, கூர்மைக்கு நிகரே இல்லை. ஆனால் அது பழகியது சைப்ரஸ், சீடார் போன்ற மெத்தென்ற மரங்களில். வேங்கையிலும் கருவேலத்திலும் அடித்தால் விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். ஜப்பான் இழுப்பு ரம்பத்துக்கும் இதே பேச்சு: பலகையில் வெண்ணெய் மாதிரி இறங்கும், கணுவில் பல் உடையும், கடினப்படுத்திய பல் என்றால் அரம் வைத்துத் தீட்டவும் முடியாது. நம் கைரம்பத்தை எந்த ஊரிலும் பல் வைத்துத் தருவார்கள். தரையில் உட்கார்ந்து காலால் மரத்தை மிதித்துப் பிடித்து வேலை செய்யும் பழக்கம் அவர்களுக்கும் உண்டு, நம் ஆசாரிகளுக்கும் உண்டு. அதனால் இழுப்பு ரம்பம் நம் உடம்புக்குச் சட்டென்று பழகிவிடும். மரம்தான் ஒத்துழைக்காது.

உள்நாட்டு இரும்பு இழைப்புளியை முடிந்த பொருளாக நினைக்காமல் பாதி முடிந்த பொருளாக நினைத்து வாங்குங்கள். என்னுடையதன் அடிப்பாகம் நடுவில் குழிந்திருந்தது. தடித்த கண்ணாடி மேல் எமரி தாளை ஒட்டி இரண்டு சாயங்காலம் தேய்த்தேன். இப்போது சுருள் சுருளாகத் தாள் மாதிரி சீவுகிறது. அந்த இரண்டு சாயங்காலம் இல்லாதவர் இறக்குமதிக்குக் காசு கொடுக்கலாம், அதில் தவறே இல்லை.

அளவுக் கருவியில், நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் மட்டும் ஜப்பானின் மிட்டுடோயோ. அதையும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் மட்டும் வாங்க வேண்டும். அந்தப் பெயரில் போலிகள் ஏராளம். பாதி விலை என்றால் அது போலிதான். டேப்புக்கு லூதியானாவின் ஃப்ரீமேன்ஸ் போதும். நுனியில் உள்ள கொக்கி லேசாக முன்னும் பின்னும் ஆடுகிறதே என்று கடையில் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். வெளியே மாட்டி அளந்தாலும் உள்ளே முட்டி அளந்தாலும் கொக்கியின் தடிமன் கழிய வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அக்கா மகனுக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். உள்நாட்டில் ரிங் ஸ்பேனர் செட், சுத்தியல், ஹேக்ஸா, அரம் மூன்று, டேப், எட்டு அங்குல பிளேயர். வெளிநாட்டில் வெசல் டிரைவர் ஒன்று. வெர்னியர் பட்டறையிலேயே இருக்கிறது, சொந்தமாக இப்போது வேண்டாம். சீட்டைப் படித்துவிட்டு, "ஜெர்மன் பிளேயர் இல்லையே மாமா" என்றான். என்னுடையதை எடுத்துக் கொடுத்தேன். தீபாவளி வரை அவனிடம் இருக்கட்டும். இரண்டையும் மாறி மாறிப் பிடித்து வேலை செய்துவிட்டு, எது வேண்டும் என்று அவனே சொல்லட்டும்.