பெட்டிக்கு முழு மார்க், டிஸ்குக்குப் பாதி: ஓர் அனிமே ப்ளூ-ரே செட்

பிரிட்டனில் வெளியான 26 எபிசோட் அனிமே தொடர் (ஜப்பானிய அனிமேஷன்) ஒன்றின் ப்ளூ-ரே கலெக்டர்ஸ் எடிஷன், அதாவது டிவிடியைவிடத் தெளிவான படம் தரும் டிஸ்குகள் கொண்ட பெட்டி, போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் கைக்கு வந்து சேர்ந்தது. பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் குறையே இல்லை. கெட்டி அட்டை, தங்க எழுத்து, 80 பக்க ஓவியப் புத்தகம், கையில் எடுத்தால் கல்யாண ஆல்பம் மாதிரி கனம். கூரியர் செலவு, 15 சதவீத வாட் எல்லாம் சேர்த்து 2,300 ரேண்ட் ஆனது. அலமாரியில் வைத்துப் பார்க்க மனசு நிறைகிறது.

படத்தைப் போட்டதும்தான் வருத்தம் ஆரம்பித்தது.

நான்காவது எபிசோடில் ஓர் இரவுக் காட்சி. கதாநாயகி மொட்டை மாடியில் தனியாக நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் கருநீலத்திலிருந்து ஊதாவுக்கு மெல்ல மாறும் வானம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் கேட்டாள், "அப்பா, வானத்துல ஏன் படிக்கட்டு இருக்கு?" நிறுத்திவிட்டு டிவிக்கு அருகே போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஒரே சீராகக் கரைய வேண்டிய நிறம் ஏழெட்டுப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கிறது. அடுத்த காட்சியில் மழை பிடித்ததும் இன்னும் மோசம், மழைக்கோடுகள் எல்லாம் சதுரம் சதுரமாக உடைந்து, அவள் முகத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போல ஒரு கலங்கல்.

டிஸ்கைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மொத்தமே இரண்டு டிஸ்க், அதுவும் 25 ஜிபி பிடிக்கும் ஒற்றை அடுக்கு டிஸ்க். ஒவ்வொன்றிலும் 13 எபிசோட், அதாவது 312 நிமிடம். கணக்குப் போட்டால் எல்லாம் சேர்த்து நொடிக்குச் சுமார் 10 மெகாபிட்தான் வருகிறது, அதிலும் ஜப்பானிய ஒலி, ஆங்கில ஒலி இரண்டுக்கும் பங்கு போக வேண்டும். ப்ளூ-ரேயில் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை இடம் உண்டு. ஜப்பானில் வழக்கமாக ஒரு டிஸ்கில் இரண்டு மூன்று எபிசோட்தான் வைப்பார்கள், விலையும் பயங்கரம், அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை. ஆனால் 50 ஜிபி டிஸ்க் நான்கு போட்டிருந்தாலே இந்த வானம் தப்பித்திருக்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ப்ளூ-ரேயில் ஒரு நிறத்துக்கு 8 பிட், அதாவது 256 படிகள்தான், அதனால் நல்ல டிஸ்கிலும் கொஞ்சம் பட்டை தெரியத்தான் செய்யும். அதை மறைக்கத்தான் படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய துகள் தூவுகிறார்கள். பிட்ரேட்டைக் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற அந்த அளவை) குறைத்தால் முதலில் காணாமல் போவது அந்தத் துகள்தான். பெரிய பெரிய வெற்று நிறப்பரப்பு உள்ள அனிமேயில் அது உடனே கண்ணில் படும், நடிகர்கள் நடித்த படத்தில் இவ்வளவு தெரியாது.

பழைய படங்களில் பிலிமிலேயே இருக்கும் இது போன்ற துகளை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுகிறார்கள். டிராகன் பால் ஸீ தொடரின் 2007 அமெரிக்க டிவிடி செட்டுகளில் பழைய டிவி அளவான 4:3 படத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டி, துடைத்த துடைப்பில் கோடுகளே மங்கிப் போயின. ஸ்பிரிட்டட் அவே படத்தின் 2002 ஜப்பான் டிவிடி சிவப்படித்து வந்தது, 2014 ப்ளூ-ரேயில்தான் நிறம் சரியானது. எப்படிச் செய்ய வேண்டும் என்று பார்க்க விரும்பினால் 1988 அகிரா படத்தின் 4கே டிஸ்கைப் (ப்ளூ-ரேயைவிடவும் நுணுக்கமான படம் தரும் டிஸ்க்) பாருங்கள். 35 மி.மீ. பிலிமிலிருந்து ஸ்கேன் செய்தது, துகள் அப்படியே இருக்கிறது, கதை நடக்கும் நியோடோக்கியோ நகரத்தின் ராத்திரி விளக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன.

சப்டைட்டிலுக்கு வருகிறேன், இது தமிழ்க் காதுக்குத்தான் அதிகம் உறுத்தும். ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போல அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், அக்கா தங்கைக்கும் அப்படியே. தங்கை "ஒனீச்சான்" (அண்ணா) என்று வாய் நிறைய அழைக்கிறாள், கீழே அண்ணனின் பெயரை மட்டும் போடுகிறார்கள். ஒன்பதாவது எபிசோடில் கோபத்தில் அவள் முதன்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அந்தக் காட்சியின் உயிரே அதுதான், சப்டைட்டிலை நம்பிப் பார்ப்பவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. ஆங்கில டப்பிங்கின் வசனத்தை அப்படியே சப்டைட்டிலாக ஒட்டியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. கதவில் ஒட்டிய கடிதத்துக்கும் மொழிபெயர்ப்பு கிடையாது.

இங்கே இருப்பவர்கள் கவனிக்க: ப்ளூ-ரே டிஸ்குகளை உலகத்தை ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்து விற்கிறார்கள், ஒரு மண்டலத்துக்குப் பூட்டிய டிஸ்க் வேறு மண்டல பிளேயரில் ஓடாது. தென்னாப்பிரிக்கா பி மண்டலம், பிரிட்டன் டிஸ்க் இங்கே வாங்கிய பிளேயரில் தடையில்லாமல் ஓடும். நான் வந்த புதிதில் சென்னையிலிருந்து தூக்கி வந்த பிளேயர் சி மண்டலம், இரண்டு வருடம் எந்த டிஸ்கையும் ஏற்கவில்லை. அமெரிக்காவும் ஜப்பானும் ஏ. 4கே டிஸ்குக்கு இந்தத் தொல்லையே இல்லை, எங்கே வாங்கினாலும் ஓடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பிரிட்டன் டிவிடி வாங்குவதாக இருந்தால் யோசியுங்கள், பல டிவிடிகளில் 24 பிரேமை 25 ஆக்கி ஓட்டுவதால் 4 சதவீதம் வேகம் கூடி, 24 நிமிட எபிசோட் 23 நிமிடத்தில் முடிந்துவிடும், பாட்டின் சுருதியும் ஏறிவிடும்.

அப்புறம் பேக்கிங். டிஸ்க் இரண்டையும் இறுக்கமான அட்டை உறையில் செருகியிருக்கிறார்கள், முதல் தடவை உருவும்போதே வளைவாக ஒரு கீறல். இரண்டையும் சாதாரண பிளாஸ்டிக் உறைக்கு மாற்றிவிட்டேன். டர்பனில் பிப்ரவரிப் புழுக்கம் எப்படி என்று உங்களுக்கே தெரியும், சாட்ஸ்வொர்த்தில் நண்பர் ஒருவர் வீட்டில் இதே மாதிரி ஓவியப் புத்தகம் ஒன்று முழுக்கப் பூஞ்சை பிடித்துவிட்டது. சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள், சுவரை ஒட்டி அலமாரியை நிறுத்தாதீர்கள்.

இதே தொடரின் இரண்டாம் சீசன் பெட்டிக்கு முன்பதிவு ஆரம்பித்துவிட்டது. ஒரு டிஸ்கில் எத்தனை எபிசோட், சப்டைட்டில் புதிதாக எழுதியதா என்று வெளியீட்டாளருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். நான்கு டிஸ்க் என்று பதில் வந்தால் அன்றைக்கே பணம் கட்டுவேன், மறுபடியும் இரண்டு என்றால் அந்த ரேண்டுக்கு வேறு ஏதாவது 4கே படம் வாங்கிக்கொள்கிறேன்.