வெயிலா, தண்ணீரா, சோளகமா? இலங்கையின் கரண்ட் கணக்கு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி தாண்டி நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்றார் எரிசக்தி அமைச்சர். நாடே குரங்கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டு அண்ணை தன் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு காசு போட்டு சோலர் பூட்டினன், வெயில் கொட்டுது, எனக்கேன் ஃபான் சுத்தேல்லை?"

அவர் வீட்டில் பட்டரி இல்லை. அப்படியான சோலர், வெளிக்கம்பியில் மின்சாரம் இல்லாவிட்டால் தானாகவே நின்றுவிடும். கம்பியில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்கான பாதுகாப்பு அது. ஆனால் அன்றைக்கு நாட்டுக்கு நடந்தது வேறு. அரிசி ஆலையில் மோட்டாரை நிறுத்திய பிறகும் கனமான சில்லு கொஞ்ச நேரம் சுற்றும். நீர், நிலக்கரி நிலையங்களின் சுழலிகளுக்கும் அந்தக் கனம் உண்டு. ஒரு அதிர்ச்சி வந்தால் சில நொடிகள் தாங்கிப் பிடிக்கும். கூரையிலிருக்கும் சோலர் தகட்டில் சுற்றுவதற்கு எதுவுமில்லை. விடுமுறை நாளில் ஆலைகளும் கந்தோர்களும் பூட்டு, தேவை குறைவு, கூரைகளிலிருந்து சோலர் நிரம்பி வழிகிறது. தாங்கிப் பிடிக்க வேண்டிய சுழலிகள் சிலதான் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் ஒரு உப நிலையத்துக் கோளாறு முழு நாட்டையும் இருட்டாக்கியது. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்று, மறுபடி ஓடச் சில நாளானது. அதுவரை சுழற்சி முறையில் மின்வெட்டு. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பிற்பகல் 3 மணி வரை கூரை சோலரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொள்ளும் அளவுக்கு வந்தது நிலைமை.

எது மலிவு என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் எது எத்தனை மணிக்கு, எந்த மாதத்தில் வரும் என்பதை அதற்கு முன்பே கேட்க வேண்டும். இலங்கையில் மின்தேவை உச்சத்தில் இருப்பது மாலை 6.30 முதல் 10.30 வரை. சோலர் வீட்டுக்குப் போய்விடும் நேரம் அது.

அந்த நேரத்துக்குக் கைகொடுப்பது தண்ணீர். கதவைத் திறந்தால் சில நிமிடங்களில் மின்சாரம், மூடினால் அப்படியே சேமிப்பு. களனி கங்கையின் கிளையாறுகளில் லக்சபான தொகுதி, மகாவலியில் 210 மெகாவாட் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல என்று இந்த நாட்டை நெடுங்காலம் சுமந்தது நீர்மின்தான். சும்மாவும் வரவில்லை. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் சேற்றுக்கு நடுவே பழைய கோயில் எழுந்து நிற்கும். சனம் பார்க்கப் போகும். என்னைக் கேட்டால், இந்த நாட்டின் மின்சார நிலவரத்துக்கு அதைவிட நல்ல மானி இல்லை. கோயில் தெரிந்தால் டீசல் எரியப்போகிறது என்று அர்த்தம். 1996-இலும் 2001-இலும் மழை பொய்த்து மணிக்கணக்கில் மின்வெட்டு வந்ததை மறக்க முடியுமா?

தண்ணீருக்கு இன்னொரு சிக்கல், அதற்கு உரிமையாளர் இரண்டு பேர். 2023 ஆகஸ்டில் உடவளவைப் பக்கம் வயல் காய்ந்தபோது விவசாயிகள் மின்சாரத்துக்காகத் தேக்கிவைத்த சமனலவெவ நீரைக் கேட்டார்கள். திறந்து விட்டால் தென்பகுதிக்கு மின்வெட்டு என்றது மின்சார சபை. கடைசியில் அமைச்சரவை வரை போய்த்தான் தண்ணீர் திறந்தது. நெல்லா கரண்டா என்று கேட்டால் எந்த அரசாங்கமும் நெல் என்றுதான் சொல்லும், சொல்லவும் வேண்டும்.

சரி, காற்று? கிளிநொச்சி மாவட்டத்துப் பளையால் கண்டி வீதியில் போகிறவர்கள் அந்த வெள்ளை இறக்கைகளைப் பார்த்திருப்பார்கள். பெரியது மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 இறுதியில் திறந்த தம்பபவனி: 30 காற்றாலைகள், சுமார் 100 மெகாவாட். அதே அளவு சோலரோடு ஒப்பிட்டால், ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்க்கையில் மன்னார்க் காற்று இரண்டு மடங்குக்கு மேல் யூனிட் தரும். ராத்திரியும் வீசும் என்பதுதான் பெரிய விஷயம். குறை, தென்மேற்குப் பருவக்காற்றான சோளகம் மே முதல் செப்டம்பர் வரையில்தான் உரத்து வீசும். மலையகத்தில் மழை கொட்டுவதும் அநேகமாக அதே மாதங்களில்தான். காற்றும் தண்ணீரும் சேர்ந்து வந்து, மார்ச்சில் இரண்டும் சேர்ந்து கையை விரிக்கும். மார்ச்சை ஒட்டிய அந்தக் காலத்தில்தான் வெயில் உச்சம். பகலில் சோலர் ஓட, தண்ணீரை ராத்திரிக்கு மிச்சம் பிடிக்கலாம். சோலரைத் திட்டுகிறவர்கள் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள்.

விலையிலும் பாடம் உண்டு. மன்னார், பூநகரியில் 484 மெகாவாட் அமைக்க வந்த அதானி நிறுவனத்துக்கு யூனிட்டுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்று பேசி முடித்திருந்தார்கள். புது அரசு குறைக்கச் சொன்னதும் 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகியது. அதே மன்னாரில் 50 மெகாவாட் திட்டமொன்று போட்டி ஏலத்தில் 4.65 சதத்துக்குப் போனது. ஆனால் மன்னார் மக்களிடம் சதக்கணக்குப் பேசிப் பயனில்லை. வெள்ளம் வடியும் வழி, கரைவலைத் தொழில், வங்காலைச் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் என்று அவர்கள் கேட்பவை நியாயமான கேள்விகள். கரண்ட் கொழும்புக்கு, இரைச்சல் எங்களுக்கா என்ற கோபமும் அதில் இருக்கிறது.

சீமைக்கிளுவை விறகை எரித்து மின்சாரம் எடுப்பதும் உண்டு. நல்லதுதான், ஆனால் நாட்டைத் தூக்கும் அளவில்லை.

என் தெரிவு இதுதான்: இனிமேல் போடும் காசு காற்றுக்கும் பட்டரிக்கும் போகட்டும், காற்றாலைகள் ஊரோடு பேசித் தெரிவுசெய்த இடத்தில் நிற்கட்டும். இருக்கிற அணைகளை மாலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பெரிய அணை வேண்டாம். கூரை சோலர் தாராளமாக வரட்டும், பட்டரியோடு. யாழ்ப்பாணத்துத் தீவான எழுவைதீவில் காற்று, சோலர், பட்டரி, டீசல் நான்கையும் சேர்த்து ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஊர் சின்னது, கணக்கு அதேதான்.

அண்ணை போன கிழமை வந்து, இன்னும் நாலு பேனல் போடட்டோ என்று கேட்டார். முதலில் பட்டரி வாங்குங்கோ என்றேன். விலை கேட்டார், சொன்னேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.